வேர்ட்பிரஸ்: தானியங்கி நிறுவியா, கைமுறை நிறுவலா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தானியங்கி நிறுவல், கைமுறை நிறுவல் என்று எவற்றைச் சொல்கிறோம்?

இணையதளம் அமைக்க உதவும் கட்டற்ற மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து ஜிப் கோப்பைத் தரவிறக்கி, வழங்கியில் (தளம் இயங்கும் சர்வரில்) ஏற்றி விரித்து, தரவுத்தளத்தையும் அதற்குரிய பயனரையும் நாமே உருவாக்கி, இணைப்பு விவரங்களை அமைவுக் கோப்பில் எழுதி, உலாவியில் கடைசிப் படிவத்தை நிரப்பி முடிப்பது கைமுறை நிறுவல். தளத்துக்கு இணையத்தில் இடம் தரும் ஹோஸ்டிங் நிறுவனம் வழங்கும் சி-பேனல் போன்ற கட்டுப்பாட்டுப் பக்கத்தில் சாஃப்டாகுலஸ், இன்ஸ்டாலட்ரான் முதலிய கருவிகளில் ஒன்றைத் திறந்து, ஒரே படிவத்தை நிரப்பிப் பொத்தானை அழுத்தி அனைத்தையும் முடித்துக்கொள்வது தானியங்கி நிறுவல்.

இவ்விரண்டுக்கும் நடுவே வேர்ட்பிரஸ்ஸுக்குள்ளேயே ஓர் அமைவு வழிகாட்டி இருக்கிறது. கோப்புகளை மட்டும் ஏற்றிவிட்டு உலாவியில் தளத்தைத் திறந்தால், தரவுத்தளத்தின் பெயர், பயனர்பெயர், கடவுச்சொல் ஆகியவற்றை அது கேட்டு வாங்கி அமைவுக் கோப்பைத் தானே எழுதிவிடும். எழுத அனுமதி இல்லாவிட்டால், எழுத வேண்டிய வரிகளைக் காட்டி நம்மை ஒட்டச் சொல்லும். 2003 மே 27 அன்று முதல் பதிப்பு வெளிவந்த இந்த மென்பொருள், "ஐந்து நிமிட நிறுவல்" என்பதற்குப் பெயர் பெற்றது. ஆகவே கைமுறை என்று நாம் சொல்வதிலும் கொஞ்சம் தானியக்கம் கலந்தே இருக்கிறது. எந்த முடிவுகளை நாம் எடுக்கிறோம், எவற்றைக் கருவி நமக்காக எடுத்துவிடுகிறது என்பதில்தான் வேறுபாடு கிடக்கிறது.

தானியங்கி நிறுவி என் சார்பில் என்னென்ன முடிவுகளை எடுக்கிறது?

கோப்புகள் எந்தக் கோப்புறையில் இருக்க வேண்டும், தரவுத்தளத்துக்கு என்ன பெயர், அதன் பயனர் யார், தரவுத்தள அட்டவணைகளின் பெயர்களுக்கு முன்னால் சேரும் முன்னொட்டு என்ன, நிர்வாகியின் பயனர்பெயரும் மின்னஞ்சலும் எவை, எந்தச் செருகுநிரல்கள் (கூடுதல் வசதி தரும் சிறு நிரல்கள்) கூடவே வர வேண்டும், புதுப்பிப்புகளை எப்படி நடத்த வேண்டும் என்பன அனைத்துக்கும் அதனிடம் முன்கூட்டியே விடைகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை நியாயமான விடைகளே. தரவுத்தளத்துக்கு நீண்ட கடவுச்சொல்லை உருவாக்குவதிலும், உள்நுழைவுக் குக்கீகளைப் பாதுகாக்கும் இரகசியச் சாவிகள் நான்கையும் உப்புகள் (அவற்றோடு சேர்க்கும் தற்செயல் எழுத்துச் சரங்கள்) நான்கையும் தவறாமல் நிரப்புவதிலும் அது மனிதரைவிட ஒழுங்கானது. கைமுறையாக மாதிரிக் கோப்பைத் திருத்துபவர்கள் அந்த எட்டு வரிகளை அப்படியே விட்டுவிடுவது உண்டு.

ஆனால் சில விடைகள் நம் தளத்துக்குப் பொருந்தாதவை. அவற்றை அடுத்த கேள்வியில் விரிவாகப் பார்க்கலாம், ஏனெனில் தானியங்கி நிறுவலில் பின்னால் வரும் தொல்லைகள் பலவும் அந்தப் படிவத்தைப் படிக்காமல் பொத்தானை அழுத்துவதில்தான் தொடங்குகின்றன.

நிறுவியின் படிவத்தில் எவற்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும்?

முதலில் கோப்புறை. நிறுவிகள் பலவற்றில் ஒரு துணைக் கோப்புறையின் பெயர் முன்னதாகவே எழுதப்பட்டிருக்கும். அதை அழிக்காமல் விட்டால், தளம் டொமைனின் முகப்பில் திறக்காமல், டொமைனுக்குப் பின் ஒரு சாய்கோடும் அந்தப் பெயரும் சேர்ந்த முகவரியில் திறக்கும். கட்டுரைகளும் படங்களும் சேர்ந்த பிறகு இதைக் கண்டுபிடித்து மாற்றுவது, தொடக்கத்திலேயே அந்தக் கட்டத்தைக் காலியாக விடுவதைவிடப் பன்மடங்கு வேலை.

அடுத்து நெறிமுறை. டொமைனுக்கான பாதுகாப்புச் சான்றிதழ் ஏற்கெனவே கிடைத்துவிட்டதென்றால், எச்டிடிபிஎஸ் (பாதுகாப்பான இணைப்பு) என்பதைத் தேர்ந்தெடுத்தே நிறுவுங்கள். தளத்தின் முகவரி தரவுத்தளத்துக்குள் எழுதப்படுகிறது. பின்னர் மாற்றும்போது பழைய முகவரியில் இருக்கும் படங்களால் உலாவி எச்சரிக்கை காட்டும்.

மூன்றாவது, நான் மிக முக்கியமாகக் கருதுவது, நிர்வாகியின் மின்னஞ்சல். "அட்மின்" என்ற பெயருக்குப் பின் நம் டொமைனைச் சேர்த்து ஒரு முகவரியை நிறுவி தானே எழுதிவைக்கும். அப்படி ஓர் அஞ்சல் பெட்டி பல வேளைகளில் உருவாக்கப்பட்டிருக்காது. கடவுச்சொல்லை மறந்தால் மீட்புக் கடிதம் அந்த இல்லாத பெட்டிக்குத்தான் போகும். 2019 மே மாதம் வந்த 5.2 பதிப்பு முதல், ஏதேனும் ஒரு செருகுநிரல் பழுதாகித் தளம் முடங்கினால் நிர்வாகி உள்ளே நுழைவதற்கான மீட்பு இணைப்பை வேர்ட்பிரஸ் மின்னஞ்சலில் அனுப்புகிறது. அந்தக் கடிதமும் அங்கேதான் போகும். நீங்கள் அன்றாடம் திறந்து பார்க்கும் முகவரியைக் கொடுங்கள். பயனர்பெயராக "அட்மின்" என்பதையும் விட்டுவைக்காதீர்கள். கடவுச்சொல்லை ஊகித்து நுழைய முயலும் தானியங்கி நிரல்கள் முதலில் முயல்வது அந்தப் பெயரைத்தான்.

கடைசியாக, படிவத்தின் கீழ்ப்பகுதியில் குறியிட்டுக் கேட்கும் கூடுதல் செருகுநிரல்கள். உள்நுழைவு முயற்சிகளைக் கட்டுப்படுத்தும் லாகினைசர் இப்படிப் பல தளங்களுக்குள் வந்து சேர்ந்த ஒன்று. 2020 அக்டோபரில் அதில் தரவுத்தள ஊடுருவலுக்கு இடம்தரும் கடுமையான ஓட்டை கண்டறியப்பட்டது. அதை அடைத்த 1.6.4 பதிப்பை, உரிமையாளர்களின் அனுமதிக்குக் காத்திராமல், வேர்ட்பிரஸ்ஸின் பாதுகாப்புக் குழு பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களுக்குத் தள்ளியது. பயனுள்ள செருகுநிரல்தான், ஆனால் அது தம் தளத்தில் இருப்பதையே அறியாத ஒருவர் அதன் ஓட்டையைப் பற்றிய செய்தியைப் படித்தாலும் தமக்கானதாக எடுத்துக்கொள்ள மாட்டார். நீங்கள் தேர்ந்தெடுக்காத எதையும் உள்ளே விடாதீர்கள்.

கைமுறை நிறுவலில் மக்கள் எங்கே சிக்கிக்கொள்கிறார்கள்?

பெரும்பாலும் ஒரே இடத்தில்: தரவுத்தளத்துடன் இணைப்பை ஏற்படுத்த முடியவில்லை என்ற பிழைச்செய்தியில். சி-பேனலில் தரவுத்தளத்தை உருவாக்கும்போது நாம் கொடுக்கும் பெயருக்கு முன்னால் கணக்கின் பெயரும் ஓர் அடிக்கோடும் சேர்ந்துகொள்ளும். அமைவுக் கோப்பில் அந்த முழுப்பெயரையே எழுத வேண்டும். தரவுத்தளத்தை உருவாக்குவதும் பயனரை உருவாக்குவதும் தனித்தனிப் படிகள். அந்தப் பயனரை அந்தத் தரவுத்தளத்தோடு சேர்த்து உரிமைகளை வழங்குவது மூன்றாவது படி. இந்த மூன்றாவது படியைத் தவறவிடுபவர்களே அதிகம். கடவுச்சொல்லில் ஒற்றை மேற்கோள் குறியோ பின்சாய்கோடோ இருந்தால், வேர்ட்பிரஸ் எழுதப்பட்டிருக்கும் நிரல்மொழியான பிஎச்பி அதை வேறு விதமாகப் படிக்கும். சில நிறுவனங்களில் தரவுத்தளம் தனி வழங்கியில் இருக்கும். அங்கே "லோக்கல்ஹோஸ்ட்" (அதே வழங்கி என்று பொருள்) என்று எழுதினால் இணைப்பு கிடைக்காது.

இன்னொரு சிக்கல் தமிழில் எழுதுபவர்களை எளிதாகப் பிடித்துக்கொள்ளும். அமைவுக் கோப்பில் தமக்கு நினைவிருக்கட்டும் என்று தமிழில் ஒரு குறிப்பு எழுதி, பழைய விண்டோஸ் நோட்பேடில் யூடிஎஃப்-8 (யூனிகோட் எழுத்துகளைச் சேமிக்கும் முறை) ஆகச் சேமித்தால், கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டுகள் சேர்ந்துவிடும். பிஎச்பி அவற்றைப் பக்கத்தின் உள்ளடக்கமாக எண்ணி முதலிலேயே அனுப்பிவிடுவதால், தலைப்புத் தகவல்கள் ஏற்கெனவே அனுப்பப்பட்டுவிட்டன என்ற பிழை வரக்கூடும். நிரல் எழுதுவதற்கான திருத்தி ஒன்றைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை இல்லை.

கோப்பு அனுமதிகளைப் பற்றி ஒரு சொல். யார் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம் என்பதை மூன்றிலக்க எண் குறிக்கிறது: கோப்புறைகளுக்கு 755, கோப்புகளுக்கு 644 என்பது பொதுவான அளவு. அமைவுக் கோப்புக்கு இன்னும் இறுக்கமாக 640 அல்லது 600 வைக்கலாம். ஏதோ வேலை செய்யவில்லை என்பதற்காக 777 என்று மாற்றும் ஆலோசனை எங்கே கண்ணில் பட்டாலும் அதைப் பின்பற்ற வேண்டாம். அதே வழங்கியில் இயங்கும் பிறர் உங்கள் கோப்புகளில் எழுதுவதற்கு அது வழிவிடக்கூடும்.

பாதுகாப்பில் எந்த வழி மேலானது?

கைமுறை என்றால் தானாகவே பாதுகாப்பானது என்ற எண்ணம் தொழில்நுட்பம் அறிந்தவர்களிடையே பரவலாக இருக்கிறது. நிறுவும் அந்த நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் உண்மை இதற்கு நேர்மாறானது.

கோப்புகளை ஏற்றிவிட்டு அமைவுப் படிவத்தை நிரப்பாமல் விட்டிருக்கும் இடைவெளியில், அந்தப் படிவம் உலகில் யார் வேண்டுமானாலும் திறக்கக்கூடிய ஒரு பக்கமாக நிற்கிறது. முதலில் வருபவரே நிர்வாகி. தாக்குபவர் உங்கள் தரவுத்தளத்தின் கடவுச்சொல்லை அறிந்திருக்கத் தேவையில்லை. இணையத்தில் வேறெங்கோ தாம் வைத்திருக்கும் தரவுத்தளத்தின் விவரங்களைப் படிவத்தில் கொடுத்து நிறுவலை முடித்துக்கொள்வார். பிறகு நிர்வாகியாக நுழைந்து, செருகுநிரல் என்ற பெயரில் தம் நிரலை ஏற்றினால், அந்த ஹோஸ்டிங் கணக்கிலுள்ள உங்கள் மற்ற தளங்களும் அவர் கைக்குப் போகும்.

புதிய தளம் இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? பாதுகாப்புச் சான்றிதழ் வழங்கும் அமைப்புகள் தாம் வழங்கும் சான்றிதழ்களைப் பொதுப் பதிவேடுகளில் உடனுக்குடன் பதிகின்றன. போலிச் சான்றிதழ்களைக் கண்டுபிடிக்க உதவும் நல்ல ஏற்பாடு இது. ஆனால் டொமைனைச் சேர்த்த உடனே ஹோஸ்டிங் நிறுவனம் இலவசச் சான்றிதழைத் தானாக வாங்கிவிடுவதால், உங்கள் டொமைன் பெயர் சற்று நேரத்திலேயே அந்தப் பதிவேட்டில் தோன்றிவிடும். அதைக் கவனித்துக்கொண்டிருக்கும் நிரல் ஒன்று, நீங்கள் கோப்புகளை ஏற்றும் தருணத்துக்காக உங்கள் முகவரியைத் தொடர்ந்து தட்டிப் பார்க்க முடியும். ஹன்னோ பாக் என்ற ஜெர்மானியப் பத்திரிகையாளர் 2017 ஜூலையில் டெஃப்கான் என்ற கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் இதை விளக்கிக் காட்டினார். அதே ஆண்டில், பாதி நிறுவப்பட்ட வேர்ட்பிரஸ் தளங்களைத் தேடி நடந்த தாக்குதல் அலையை வேர்ட்பிரஸ் பாதுகாப்புக் கருவி தரும் வேர்ட்ஃபென்ஸ் நிறுவனமும் பதிவுசெய்தது.

தானியங்கி நிறுவி இந்தப் படிவத்தை வெளியே காட்டுவதே இல்லை. சில நொடிகளில் உள்ளிருந்தே முடித்துவிடுகிறது. கைமுறையாகச் செய்பவர் இதற்கு ஈடாக ஒன்றைச் செய்தாக வேண்டும். கோப்புகளை ஏற்றும் முன்பே அந்தக் கோப்புறைக்குக் கடவுச்சொல் பூட்டு போட்டு, நிறுவல் முடிந்த பிறகு அதை நீக்குவது எளிய வழி. சி-பேனலில் இதற்கென்றே ஒரு வசதி உண்டு. அமைவுக் கோப்பை முதலில் எழுதி ஏற்றுவது மட்டும் போதாது: தரவுத்தளம் காலியாக இருக்கும்வரை, தளத்தின் தலைப்பையும் நிர்வாகியின் பெயரையும் கேட்கும் இரண்டாவது படிவம் அப்போதும் திறந்தே இருக்கும். இரவில் கோப்புகளை ஏற்றிவிட்டு மீதியைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒருபோதும் விடாதீர்கள்.

தமிழ்த் தளத்துக்கு இரண்டு வழிகளிலும் ஏதாவது வேறுபாடு உண்டா?

மொழித் தெரிவில் உண்டு. வேர்ட்பிரஸ்ஸில் தமிழுக்கு இந்தியா, இலங்கை என இரண்டு மொழிபெயர்ப்புகள் இருக்கின்றன. வேர்ட்பிரஸ்ஸின் சொந்த வழிகாட்டி முதல் திரையிலேயே மொழியைக் கேட்கும். தானியங்கி நிறுவியில் அந்தக் கட்டம் ஆங்கிலத்தில் நிற்கலாம். பின்னர் பொது அமைப்புகளில் மாற்றிக்கொள்ளலாம் என்பதால் இது பெரிய இழப்பு அல்ல. நேர மண்டலத்தை வேர்ட்பிரஸ்ஸின் படிவம் கேட்பதில்லை. கொல்கத்தா அல்லது கொழும்பு என நீங்களே பார்த்து வைத்தால்தான் குறித்த நேரத்தில் வெளியிடும்படி வைக்கும் கட்டுரைகள் அந்த நேரத்தில் வெளிவரும்.

எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறுமோ என்ற அச்சம் புதிய நிறுவல்களுக்குத் தேவையில்லை. 2015 ஏப்ரலில் வந்த 4.2 பதிப்பு முதல், தரவுத்தளம் இடம்தரும்போது நான்கு பைட் வரையிலான யூனிகோட் எழுத்துகளை வேர்ட்பிரஸ் தானே ஏற்கிறது. நாம் எழுதும் தமிழின் யூனிகோட் குறியீடுகள் ஒவ்வொன்றும் மூன்று பைட்டில் அடங்குபவை. 2019 இல் யூனிகோடில் சேர்ந்த முந்திரி, மாகாணி போன்ற பின்னக் குறிகளுக்கும் எமோஜிகளுக்கும்தான் நான்காவது பைட் தேவைப்படுகிறது. ஆபத்து பழைய தரவுத்தளத்தை இடம் மாற்றும்போது வருகிறது. லத்தீன் குறியாக்கத்தில் உருவான அட்டவணைகளைத் தவறாக ஏற்றினால், தமிழுக்குப் பதில் தலைக்குறிகள் போட்ட லத்தீன் எழுத்துகள் தெரியும். அவற்றைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். கேள்விக்குறிகளாகவே சேமிக்கப்பட்டுவிட்டால் மூல எழுத்து அழிந்துவிட்டது. பழைய காப்புநகல்தான் வழி. ஆகவே மாற்றும் முன் எடுத்த நகலை, புதிய தளத்தில் தமிழைக் கண்ணால் பார்க்கும்வரை வைத்திருங்கள்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். கட்டுரையின் முகவரியில் வரும் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் ஒன்பது எழுத்துகளாகக் குறிமாற்றப்பட்டுச் சேமிக்கப்படுகிறது. அந்தப் புலத்தின் எல்லை 200. உயிர்மெய்யில் மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனியே எண்ணப்படுவதால், 22 குறியீடுகளுக்கு மேல் தமிழ்த் தலைப்பு முகவரியில் வெட்டுப்பட்டுவிடும். முகவரியைச் சுருக்கமாக நாமே எழுதுவது நல்லது.

அட்டவணை முன்னொட்டை மாற்ற வேண்டுமா?

ஒரே தரவுத்தளத்தில் இரண்டு தளங்கள் இருந்தால் கட்டாயம் மாற்ற வேண்டும். பாதுகாப்புக்காக மாற்றுவதால் கிடைக்கும் பயன் சிறியது. செய்வதானால் நிறுவும்போதே செய்யுங்கள். பின்னால் அட்டவணைகளின் பெயரை மட்டும் மாற்றினால், பயனர்களின் உரிமைகளைக் குறிக்கும் சில பதிவுகளின் பெயருக்குள்ளும் பழைய முன்னொட்டு இருப்பதால், நிர்வாகியே தம் பக்கத்துக்குள் நுழைய உரிமை இல்லாதவர் ஆகிவிடுவார்.

புதுப்பிப்புகளை யார் பார்த்துக்கொள்வார்கள்?

எந்த வழியில் நிறுவினாலும் வேர்ட்பிரஸ் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். 2013 அக்டோபரில் வந்த 3.7 முதல் சிறு பாதுகாப்புத் திருத்தங்களும், 2020 டிசம்பரில் வந்த 5.6 முதல், புதிதாக நிறுவும் தளங்களில், பெரிய பதிப்புகளும் இயல்பாகவே தானாக ஏறுகின்றன. இதற்கு மேல் தானியங்கி நிறுவியும் தன் பங்குக்குப் புதுப்பிக்கத் தொடங்கினால், ஒரு கோளாறு வரும்போது எது மாற்றியது என்று தெரியாமல் போகும். ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். என் தெரிவு வேர்ட்பிரஸ்ஸின் சொந்த ஏற்பாடே.

நிறுவி எடுத்துத்தரும் காப்புநகலைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். அது இயல்பாக அதே ஹோஸ்டிங் கணக்கில் ஒரு கோப்புறையில்தான் சேமிக்கப்படுகிறது. கணக்கு முடக்கப்பட்டாலோ வட்டு பழுதானாலோ தளமும் நகலும் சேர்ந்தே போகும். மாதம் ஒருமுறையாவது உங்கள் கணினிக்கு இறக்கிக்கொள்ளுங்கள்.

கட்டளைவரி அறிந்தவர்களுக்கு மூன்றாவது வழி ஏதும் உண்டா?

உண்டு, எனக்கு மிகவும் பிடித்த வழி அதுதான். டபிள்யூபி-சிஎல்ஐ என்ற கருவி, தரவிறக்கம், அமைவுக் கோப்பு, தரவுத்தளம், நிறுவல் ஆகியவற்றை நான்கு கட்டளைகளில் முடித்துவிடுகிறது. ஒவ்வொரு விடையையும் நாமே தட்டச்சிடுகிறோம். வெளியே திறந்த படிவத்தைக் காட்டி நாம் காத்திருக்க வேண்டியதுமில்லை. மூலக் கோப்புகளில் யாராவது கைவைத்திருக்கிறார்களா என்று அதிகாரபூர்வப் பதிப்போடு ஒப்பிட்டுச் சொல்லும் கட்டளையும் அதில் இருக்கிறது. இதற்கு ஷெல் அணுக்கம் (வழங்கியில் நேரடியாகக் கட்டளைகளை இயக்கும் வசதி) வேண்டும். மலிவான பகிர்வு ஹோஸ்டிங்கில் அது கிடைக்காமல் இருக்கலாம்.

மற்ற கட்டற்ற மென்பொருள்களிலும் இப்படித்தானா?

ஒவ்வொன்றும் வேறு பாதையை எடுத்திருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியா இயங்கும் மீடியாவிக்கியில், வழிகாட்டி அனைத்தையும் கேட்டு முடித்து அமைவுக் கோப்பை நம் கணினிக்குத் தரவிறக்கித் தரும். அதை நாமே வழங்கியில் ஏற்றினால்தான் விக்கி திறக்கும். நிறுவுபவர் தம் அமைவுக் கோப்பை ஒருமுறையாவது கையில் எடுத்துப் பார்த்துவிடுகிறார் என்பதால், இதை நல்ல வடிவமைப்பாகவே மதிக்கிறேன். கலந்துரையாடல் மன்ற மென்பொருளான பிஎச்பிபிபி-யில் நிறுவல் கோப்புறையை நீக்கும்வரை பொதுப் பயனர்களுக்கு மன்றம் திறக்காது. வேர்ட்பிரஸ்ஸைப் போலத் தளம் அமைக்க உதவும் ஜூம்லா, 2017 ஜூலையில் வந்த 3.7.4 பதிப்பில், தரவுத்தளம் வேறு வழங்கியில் இருப்பதாகச் சொன்னால், தளத்தின் கோப்புறையில் தான் குறிப்பிடும் ஒரு கோப்பை நீக்கிக் காட்டும்படி கேட்கத் தொடங்கியது. கோப்புகளைத் தொட முடிந்தவரே உரிமையாளர் என்பது இதன் அடிப்படை. மேலே சொன்ன தாக்குதலுக்கு இது நேரடியான தடை.

அப்படியானால் நான் எந்த வழியில் நிறுவ வேண்டும்?

முதல் தளம் என்றால், உங்கள் சொந்தக் கணினியில் கணினியையே வழங்கியாக்கும் சாம்ப் போன்ற தொகுப்பை வைத்து ஒருமுறை கைமுறையாக நிறுவிப் பாருங்கள். அங்கே திறந்த படிவத்தை வெளியார் காண முடியாது. பிழை வந்தாலும் அழித்துவிட்டுத் திரும்பத் தொடங்கலாம். அதன்பின் உண்மையான ஹோஸ்டிங்கில் தானியங்கி நிறுவியைப் பயன்படுத்தினாலும், அதன் ஒவ்வொரு கட்டமும் எதைக் கேட்கிறது என்பது புரியும். ஒரு பள்ளிக்கோ சங்கத்துக்கோ தளம் அமைத்துத் தருபவர், எந்த வழியில் நிறுவினாலும், தரவுத்தளத்தின் பெயர், கோப்புறை, நிர்வாகி மின்னஞ்சல், ஹோஸ்டிங் கணக்கின் உரிமையாளர் ஆகியவற்றை எழுதி அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். நிறுவியவர் ஊர் மாறிப் போன பிறகு, தம் தளத்துக்குள் நுழைய வழியின்றி நிற்கும் அமைப்புகளைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது. அங்கே இழப்பது பல ஆண்டுகளாகச் சேர்த்த எழுத்துகளும் படங்களும்.

ஏற்கெனவே தானியங்கி நிறுவியால் நிறுவிவிட்டேன். அதை விட்டு விலக முடியுமா?

முடியும், தளத்தைத் தொடவே வேண்டியதில்லை. நிறுவி ஏற்றியதும் அதே வேர்ட்பிரஸ்தான். அமைவுக் கோப்பைத் திறந்தால் தரவுத்தளத்தின் பெயரும் கடவுச்சொல்லும் அதற்குள் இருக்கும். நிறுவியில் தானாகப் புதுப்பிக்கும் தெரிவை நிறுத்திவிட்டு, அன்றுமுதல் நீங்களே பராமரிக்கலாம். வேறு நிறுவனத்துக்கு மாற்றும்போதும் கோப்புகளையும் தரவுத்தளத்தையும் எடுத்துச் சென்றால் போதும். ஒன்றில் மட்டும் கவனம் தேவை: நிறுவியின் பட்டியலில் உள்ள "நீக்கு" பொத்தான் பட்டியலிலிருந்து பெயரை எடுப்பதோடு நிற்பதில்லை, கோப்புகள், தரவுத்தளம், அதன் பயனர் என அனைத்தையும் அழிப்பதே அதன் இயல்பான செயல். பட்டியலில் பெயர் இருப்பதால் தளத்துக்கு எந்தத் தீங்கும் இல்லை, அப்படியே விட்டுவிடுங்கள்.